திரீ நாட் திரீயும் ஃபோர் டென்னும்

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சிட்டு இருந்த மேட்டர். பழைய துப்பாக்கின்னாலே ஜமீன், புலி, வேட்டைன்னு ஆரம்பிச்சுடுவாங்க. இது அதில்லீங்க. நல்லா இருந்த துப்பாக்கிகளை அரசாங்கமே பட்டறைக்கு அனுப்பி மாத்தின கதை.

முதல்ல ஜெர்மனி. போரில் தோத்த பிறகு 1919ல் வெர்சாய் ஒப்பந்தம். ராணுவத்துக்கு ஒரு லட்சம் பேர்தான். ரைஃபிள் 84,000, கார்பைன் 18,000, அவ்வளவுதான். போரில் அடிபட்ட பழைய மவுசர்களையே எடுத்து, குறிபார்க்கும் தகட்டை மாத்தி, போல்ட் கைப்பிடியை வளைச்சு மறுபடி பட்டாளத்துக்குக் கொடுத்தாங்க. நீளம் ஒரு அங்குலம்கூட குறையல. பேரு மட்டும் 'கார்பைன் 98பி'! அரசாங்கத்து ஆயுதம் எது, ஜனங்க ஒளிச்சு வச்சது எதுன்னு தெரியறதுக்காக 1920ன்னு முத்திரையும் குத்தினாங்க. இன்னைக்கு சேகரிக்கறவங்க தேடி அலையறது அந்த நாலு எண்ணைத்தான்.

சரி, நம்ம நாட்டுல? இங்கேயும் அதே காலத்துல அதே மாதிரி வேலை நடந்துச்சு. வங்காளத்துல இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலை, 1904ல் ஆரம்பிச்சது. அங்கே பட்டாளத்து திரீ நாட் திரீ லீ என்ஃபீல்டுகளை எடுத்து குழாயைப் போரிங் பண்ணினாங்க. சிங்காநல்லூர்க்காரனுக்கு போரிங்னா விளக்கணுமா என்ன, சந்துக்குச் சந்து லேத்து பட்டறை இருக்கற ஊரு :-) 0.303 அங்குலத் துளை 0.410 ஆச்சு. உள்ளே இருந்த சுழல் வரி மொத்தமும் போச்சு. தோட்டா அடுக்கற இடத்துல ஒரு மரக்கட்டையைச் சொருகிட்டாங்க. ஒரு தடவைக்கு ஒரு தோட்டாதான். இதுதான் போலீசுக்கும் காவலாளிகளுக்கும் கொடுத்த 'ஃபோர் டென் மஸ்கட்'.

நம்ம பட்டறையில போரிங் பண்றது தேய்ஞ்சதைச் சரியாக்க. அங்கே பண்ணினது சரியா இருந்ததைக் கெடுக்க!

ஏன்? 1857தாங்க காரணம். அந்தக் கலகத்துக்குப் பிறகு சிப்பாய்களுக்கு சுழல் வரி இல்லாத துப்பாக்கி கொடுத்தாங்க. அப்புறமும் வெள்ளைக்காரப் பட்டாளத்தைவிட ஒரு தலைமுறை பழசுதான் அவங்களுக்கு. 1878ல் லிட்டன் கொண்டுவந்த ஆயுதச் சட்டம் பொதுஜனத்தைப் பார்த்துக்கிச்சு. பட்டாளத்துத் தோட்டா வெளியே கசிஞ்சாலும் பயன்படக் கூடாதுன்னு ராணுவ அளவுத் துப்பாக்கிகளுக்கும் தடை. அதனாலதான் ஆஸ்திரிய ராணுவத்தோட பழைய 8 மில்லிமீட்டர் தோட்டா '.315' ஆகி நம்மூர் லைசென்ஸ்காரங்க கைக்கு வந்துச்சு. இன்னைக்கும் இங்கே அதே அளவுதான்.

ஜெர்மனியில ஜெயிச்சவன் தோத்தவனைப் பார்த்துப் பயந்தான், அது புரியுது. இங்கே சர்க்கார் தன்னோட போலீஸ்காரனையே முழுசா நம்பல. அந்த அவநம்பிக்கையோட அளவு, 0.410 அங்குலம்.

என் வருத்தம் வேற. 1959ல் புதுச் சட்டம் வந்த பிறகும் பல மாநிலத்துல கான்ஸ்டபிள் தோள்ல இதே மஸ்கட்தான் தொங்குச்சு. வெள்ளைக்காரன் போயிட்டான், துளை அப்படியே இருந்துச்சு! அப்புறம் கழிச்சுக் கட்டினதுல கொஞ்சம் அமெரிக்கச் சந்தைக்குப் போச்சு. அங்கே சேகரிக்கறவங்க இஷாப்பூர் முத்திரையை வருஷம் வருஷமா படிச்சு வச்சிருக்காங்க. நமக்கு அது வெறும் ஓட்டைத் துப்பாக்கி.

நாம வாங்கிச் சேகரிக்கறது நடக்காத காரியம். 2019 சட்டத்திருத்தத்துக்குப் பிறகு சாதாரணமா ஒருத்தருக்கு ரெண்டு துப்பாக்கிதான், முன்னே மூணு. ஆனா பார்க்கறதுக்கு லைசென்ஸ் வேண்டாமுங்க. நம்ம கோவையில ஹாமில்டன் கிளப் கட்டடத்துல போலீஸ் மியூசியம் இருக்கு. இந்த மாதிரி எந்த மியூசியத்துக்குப் போனாலும், லீ என்ஃபீல்டு மாதிரி ஒண்ணு கண்ணுல பட்டா குழாய் வாயைப் பாருங்க. கொஞ்சம் அகலமா, வரி இல்லாம வழவழன்னு இருந்தா, அது போலீசுக்குன்னு போரிங் பண்ணினது. நம்ம தாத்தாக்களைப் பார்த்து ஒருத்தன் பயந்ததுக்கு அதுதான் ரசீது.