மறு அடிக்குக் காத்திருந்த ஆர்கன்



தென் பிரான்சிலுள்ள சேன் மக்சிமேன் பேராலயத்திற்குத் திருப்பயணம் சென்றவர்கள் உங்களுள் பலர் இருப்பீர்கள். நிலவறைக்குள் இறங்கிப் புனித மகதலா மரியாவின் திருப்பண்டத்தின்முன் செபித்து, மெழுகுதிரி ஏற்றியதும் வெளியேறிவிடுகிறோம். அடுத்த முறை, வாயிலை நெருங்கும்போது தலையை உயர்த்திப் பாருங்கள். மேற்கு மாடத்தில் ஒரு குழல் ஆர்கன் நிற்கிறது.

1295 முதல் இவ்வாலயம் டொமினிக்கன் துறவியரின் பொறுப்பில் இருந்தது. முகப்பைக்கூட அவர்களால் கட்டி முடிக்க இயலவில்லை. இன்றும் அது வெறும் கல்லாகவே நிற்கிறது. ஆனால் ஆர்கனில் அவர்கள் குறைவைக்கவில்லை. அதைச் செய்தவர் வெளியாள் அல்லர். தராஸ்கோன் மடத்தைச் சேர்ந்த ழான் எஸ்ப்ரி இஸ்னார் என்னும் அச்சபையின் சகோதரரே. அறுபது வயதைக் கடந்த நிலையில், தம் உறவினர் ஜோசப்பின் துணையுடன் 1772இல் தொடங்கி 1774இல் அதை முடித்தார். நான்கு விசைப்பலகைகள், 43 குழல் வரிசைகள், ஏறத்தாழ 3000 குழல்கள்.

அக்காலப் பிரெஞ்சு வழிபாட்டில் ஆர்கன், பாடுவோருக்குப் பின்னணி இசைக்கும் கருவி மட்டுமன்று. துறவியர் ஓர் அடியைப் பாடுவர். மறு அடியைப் பாடாமல் ஆர்கனுக்கு விட்டுவிடுவர். சொல்லின்றி அது அவ்வடியை இசைத்து முடிக்கும். இஸ்னார் தம் சகோதரர்களின் குரலுக்கு மறுமொழி சொல்லவே இத்தனை குழல்களையும் வார்த்தார்.

அந்த உரையாடல் இருபது ஆண்டுகள்கூட நீடிக்கவில்லை. 1790 பிப்ரவரியில் பிரெஞ்சுப் புரட்சி அரசு துறவற வார்த்தைப்பாடுகளை ஒழித்தது. துறவியர் சிதறினர். ஆர்கன் குழல்களோ வெள்ளீயமும் ஈயமும் கலந்தவை. துப்பாக்கிக் குண்டு வார்க்க ஏற்றவை. நாட்டில் எத்தனையோ ஆர்கன்கள் அப்படித்தான் உருகிப் போயின.

இது தப்பியது விந்தை. படைக்கான உணவுக் கிடங்கின் பொறுப்பாளராக அவ்வூருக்கு வந்தவர் லூசியன் போனபார்ட், நெப்போலியனின் தம்பி. பேராலயமே கிடங்காயிற்று, மூட்டைகள் அதைக் காத்தன. புரட்சி அதிகாரி ஒருவர் ஆலயத்திற்கு வந்தபோது இந்த ஆர்கனில் மர்செயேஸ் பாடல் முழங்கிற்று என்றும், அதனாலேயே குழல்கள் தப்பின என்றும் ஊரார் வழிவழியாகச் சொல்லுகின்றனர்.

திருப்பலிக்கென்று செய்த கருவியில் புரட்சிப் பாடலா என்று சிலர் முகம் சுளிக்கலாம். நான் சுளிக்கமாட்டேன். வாசித்தவருக்கு வேறு வழி என்ன இருந்தது? அவர் மறுத்திருந்தால் இஸ்னாரின் குரலை இன்று நாம் கேட்டிருக்கவே முடியாது. குழல்களில் மிகப் பெரும்பாலானவை அவர் செய்தவையே என்பதால்தான் உலகெங்குமுள்ள இசைக்கலைஞர்கள் இதைத் தேடி வருகிறார்கள். (நம் பங்கின் மின்சாரக் கீபோர்டைக் குறைசொல்கிறேன் என எண்ண வேண்டாம்; அதற்கும் கும்பிடு.)

1859இல் அருட்தந்தை லக்கோர்தேர் மடத்தை மீட்டுத் துறவியரை மீண்டும் குடியமர்த்தினார். 1957இல் அவர்களது இறையியல் கல்வி இல்லம் துலூஸ் நகருக்குப் பெயர்ந்தது. இன்று அம்மடம் ஒரு தங்கும் விடுதி. செபமாலையோடு துறவியர் நடந்த தாழ்வாரங்களில் விருந்தினர் உலவுகின்றனர்.

பேராலயம் இப்போது பங்கு ஆலயம். அங்கே ஞாயிறு திருப்பலி கண்டால், இறுதி ஆசீருக்குப் பின் உடனே பேருந்துக்கு விரையாதீர்கள். ஆர்கன் ஒலிக்குமானால், அது அடங்கும்வரை அமர்ந்திருங்கள்.