படியும் கிலோவும்

மகள் கேக் செய்ய மைதாவை எடை போட்டுக்கிட்டிருந்தா. "கப்புல அளந்தா ஆகாதா?"ன்னேன். "அமுக்கினா கூடிரும்ப்பா"ன்னா. அட, இது எங்க பாடாலூர்க் களத்துமேட்டு வழக்காச்சே!

படிக்கு எட்டு ஆழாக்கு, மரக்காலுக்கு எட்டுப் படி, கலத்துக்குப் பன்னிரண்டு மரக்கால். வாய்ப்பாடு ஒண்ணுதான், படிதான் ஊருக்கு ஊர் வேற. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுலயே எந்த மரக்கால்னு பேர் சொல்லித்தான் நெல்லை அளக்கறாங்க: 'ஆடவல்லான்'.

வியாபாரி வாங்கறப்ப குவிச்சு அளப்பார், விக்கறப்ப தலை தட்டி அளப்பார். நட்டம் வெள்ளாமை வச்சவனுக்கு. 1956-ல சட்டம் வந்து, 1958 அக்டோபர்ல இருந்து கிலோ புழங்க ஆரம்பிச்ச பிறகுதான் அந்தக் குவியல் வித்தை ஓய்ஞ்சுது. தராசு முள்ளைப் பாத்துக்கிட்டே நிக்கிறது தனிக் கதை.

எங்க வீட்டு இட்லிக்கு மட்டும் இன்னும் ஆழாக்குதான். நாலுக்கு ஒண்ணு. அரிசியும் உளுந்தும் அமுக்கினாலும் அமுங்காது, மாவு அமுங்கும்.