ஜிபியு கட்டமைப்பு ஊகங்கள்

ஜிபியு எனப்படும் கிராபிக்ஸ் செயலியின் அடுத்த தலைமுறையில் எத்தனை சில்லுகள், எவ்வகை நினைவகம், எவ்வளவு மின்சாரச் செலவு என்பதை நிறுவனம் வாய் திறக்கும் முன்பே தடயங்களை வைத்துக் கணிப்பதை இது குறிக்கும்.

உலகம் முழுவதும் ஆவலோடு பார்த்த ஒரு தடயம் இந்தியச் சுங்கத் துறையிலிருந்து கிடைத்தது. ஜிபியு தயாரிக்கும் நிறுவனங்களான ஏஎம்டி சோதனைக் கார்டுகளை ஹைதராபாத் ஆய்வகத்துக்கும், என்விடியா பெங்களூருக்கும் அனுப்பிவந்தன. அன்றாட இறக்குமதிப் பட்டியலை ஜாபா என்ற தளம் தொகுத்துத் தந்தது. அதில் ஒரு சரக்கு விவரம் 'பாஃபின் எக்ஸ்டி ஜி5 4ஜிபி' என்றது. பாஃபின் சில்லின் உள்பெயர். ஜி5 என்பது ஜிடிடிஆர்5 நினைவகம். அதே சில்லு 2016 ஆகஸ்டில் ரேடியான் ஆர்எக்ஸ் 460 ஆகக் கடைக்கு வந்தது. சுங்கத்தில் காட்டிய ரூபாய் மதிப்பிலிருந்து விற்பனை விலையைக் கணித்தவர்களும் உண்டு. சோதனைக் கார்டின் மதிப்பு கடை விலையைக் காட்டாது என்பதால் அதை நம்புவதற்கில்லை. 2016 நவம்பரில் அரசு இப்பட்டியலை வெளியிடுவதை நிறுத்தியது.

சரக்குச் சீட்டு ஒரு சில்லு உருவாகிவிட்டதைச் சொல்லும். ஆனால் உள்ளமைப்பைக் கணிக்க உற்பத்தியின் எல்லைகளே நல்ல வழிகாட்டி. லித்தோகிராபி எந்திரம் ஒரே வீச்சில் பதிக்கும் பரப்பு 26க்கு 33 மில்லிமீட்டர், அதாவது 858 சதுர மில்லிமீட்டர். என்விடியாவின் எச்100 (2022) அதில் 814ஐ எடுத்துக்கொண்டது. இனிப் பெரிய சில்லு இல்லை, சில்லுகளை ஒட்டவைத்தாக வேண்டும் என்பது அப்போதே தெளிவு. 2024 மார்ச்சில் அறிவித்த பிளாக்வெல் அப்படித்தான் வந்தது: இரண்டு சில்லுகள், 20,800 கோடி டிரான்சிஸ்டர்கள், இடையே நொடிக்கு 10 டெராபைட் இணைப்பு.

இந்த ஊகங்களுக்குப் பணமதிப்பு உள்ள இடம் தரவு மையம். உதாரணமாக, சென்னை அம்பத்தூரின் தொழிற்பேட்டையில், டிஜிட்டல் கனெக்ஷன் நிறுவனத்தின் 20 மெகாவாட் மையம் 2024 ஜனவரியில் திறக்கப்பட்டது. 72 பிளாக்வெல் செயலிகள் கொண்ட ஒரு ரேக் சுமார் 120 கிலோவாட் இழுக்கும். 2027க்கு என்விடியா அறிவித்துள்ள ரூபின் அல்ட்ரா ரேக்குக்கு 600 கிலோவாட் வேண்டும். 20 மெகாவாட்டில் முதலாவது 166 ரேக், இரண்டாவது வெறும் 33. காற்றால் இவற்றைக் குளிர்விக்க முடியாது. திரவக் குழாய்கள் தேவை. குழாய்க்கான இடம், தரையின் தாங்குதிறன், மின்பாதை மூன்றையும் கட்டடம் எழும்போதே முடிவுசெய்யாவிட்டால், பின்னர் பெரும் செலவில் மாற்ற நேரும்.