கலவர நிவாரணத்தின் கணக்கு

1899ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள் சிவகாசி எரிந்தது. அன்று திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்த அவ்வூரில் இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் மாண்டன. நூற்றுக்கணக்கான வீடுகள் சாம்பலாயின. ஆலயத்துள் நுழையும் உரிமை பற்றிய பூசலில் மூண்ட அத்தீ, சுற்றுவட்டாரத்துச் சிற்றூர்கள் பலவற்றிலும் பரவிற்று. இந்த வரலாற்றைப் பலரும் எழுதியுள்ளனர். நாம் ஈண்டு எடுத்துக்கொள்வது கலவரம் ஓய்ந்தபின் வந்த பணத்தின் வரலாறு. அது எவர் மடியிலிருந்து எடுக்கப்பட்டது, எவர் கையில் சேர்ந்தது, சேர்ந்ததா என்று பார்க்க எவர் இருந்தார் என்பனவே நம் கேள்விகள்.

வெள்ளையர் அரசிடம் இதற்கென ஒரு சட்டம் இருந்தது. 1861ஆம் ஆண்டுக் காவல் சட்டத்தின் 15ஆம் பிரிவு, அமைதி குலைந்த ஊரில் கூடுதல் காவற்படையை நிறுத்தி அதன் செலவை அவ்வூரார் தலையிலேயே வரியாகச் சுமத்த இடங்கொடுத்தது. தண்டக் காவல் என்று மக்கள் அதனைக் குறிப்பிட்டனர். 1895இல் அச்சட்டத்துடன் 15-ஏ என்னும் பிரிவு சேர்ந்தது. கலவரத்தில் உயிரோ உடைமையோ இழந்தவர்க்கு ஈட்டுத்தொகை வழங்கவும், அத்தொகையை ஊராரிடமிருந்தே பிரித்து வசூலிக்கவும் அது வழி செய்தது. நம் நாட்டில் கலவர நிவாரணம் என்பதற்குக் கிடைத்த முதற் சட்ட வடிவங்களுள் இதுவும் ஒன்று எனலாம். எனினும் அதன் நிபந்தனைகளைப் பாருங்கள். இழப்பு நேர்ந்த ஒரு மாதத்திற்குள் மாஜிஸ்திரேட்டிடம் விண்ணப்பம் தர வேண்டும். விண்ணப்பிப்பவர் தாம் குற்றமற்றவர் என்பதும் தெளிவாக வேண்டும். வீடு எரிந்து, பிள்ளை குட்டிகளுடன் உறவினர் ஊருக்கு ஓடியவன் ஒரு மாதத்திற்குள் தாலுகாக் கச்சேரிக்கு மனு எழுதி வருவானா? எழுதத் தெரிந்தவனுக்கும் வக்கீல் வைத்தவனுக்குமே அக்கதவு எளிதாய்த் திறந்திருக்கும்.

1910இல் இராமநாதபுரம் மாவட்டம் பிறந்தபோது ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரம் அதனுடன் சேர்ந்தது. 1985இல் காமராசர் பெயரால் தனி மாவட்டம் ஆயிற்று. மாவட்டத் தலைநகர் விருதுநகர் எனினும் மாவட்ட நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே அமைந்தது. பன்னிரண்டு கிலோமீட்டர் அளவே தள்ளியுள்ள ராஜபாளையம் இதற்குள் பஞ்சாலை நகராய் வளர்ந்திருந்தது. 1936இல் தோன்றிய ராஜபாளையம் மில்லைத் தொடர்ந்து ஆலைகள் பெருகின. அருகிலுள்ள சத்திரப்பட்டித் தறிகளில் மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி நெய்யப்படுகிறது. ஊரார் காயத்துக்கெல்லாம் கட்டுத்துணி நெய்யும் இவ்வட்டாரம் தன் காயத்துக்குக் கட்டுப்போட அறியாதிருந்தது என்பது ஒரு வேதனை.

1995 ஆகஸ்ட் 31ஆம் நாள் தூத்துக்குடி மாவட்டத்துக் கொடியன்குளத்தில் காவல்துறையினரே பெரும்படையாய்ப் புகுந்து வீடுகளையும் உடைமைகளையும் நாசம் செய்தனர் என்பது நாடறிந்த செய்தி. அதற்கு அரசு அறிவித்த நிவாரணத்தை அவ்வூர் மக்கள் ஏற்க மறுத்தனர். அரசின் செலவுப் பட்டியலில் இத்தகைய பணம் ‘வழங்கப்படாத தொகை’ என ஒரு வரியாய் நின்றுவிடும். நீதி வராமல் பணம் மட்டும் வந்தால் அப்பணம் எங்களுக்கு வேண்டாம் என்று ஓர் ஊர் சொன்ன சொல்லைப் பதிவு செய்ய எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

இரண்டாண்டுகள் கழித்து நெருப்பு விருதுநகர் மாவட்டத்துக்கு வந்தது. கட்டபொம்மனின் படைத்தளபதியாய்ப் போற்றப்படும் வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரை ஓர் அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு 1997இல் சூட்டியபோது எழுந்த எதிர்ப்பு மோதலாகி, ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதிகளையும் கலக்கிற்று. தாழ்த்தப்பட்ட மக்களின் குடியிருப்புகளே மிகுதியும் அடிபட்டன. அவ்வாண்டே அரசு, மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களையெல்லாம் நீக்கியது. காமராசர் மாவட்டம் விருதுநகர் மாவட்டமாயிற்று. பேருந்தின் நெற்றியில் எழுதிய பெயரை ஒரே வாரத்தில் அழித்துவிடலாம். அதை அளப்பதும் எளிது. எரிந்த குடிசையின் கணக்கு அவ்வளவு எளிதன்று.

அக்கணக்குக்கு அப்போது புதிதாய் ஒரு விதிநூல் இருந்தது. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 1995இல் வகுக்கப்பட்ட விதிகள் அவை. எரிக்கப்பட்ட வீட்டுக்கு ஈடாக அரசே செங்கல்லாலோ கல்லாலோ வீடு கட்டித்தர வேண்டும் என்றும், ஒவ்வோர் இழப்புக்கும் இவ்வளவு தொகை என்றும் அவை விரித்துரைத்தன. கொலையுண்டவர் குடும்பத்துக்கு உரிய தொகையில் நூற்றுக்கு 75 பங்கு பிணப் பரிசோதனைக்குப் பின்னும், எஞ்சிய 25 பங்கு குற்றவாளிக்குத் தண்டனை விதிக்கப்பட்ட பின்னும் கொடுபடும். இந்தக் கால் பங்கில்தான் ஏழையின் பாடு அடங்கியிருந்தது. தண்டனை கிட்டாத வழக்கில் அந்தக் கால் பங்கும் கிட்டாது. சாட்சி மிரட்டப்பட்டுப் பிறழ்ந்தாலும், ஆண்டுகள் உருண்டு வழக்கு நீர்த்துப்போனாலும், விதவையின் தொகையே குறைந்தது! 2016இல் விதிகள் திருத்தப்பட்டபோது இம்முறை மாறிற்று. குற்றப்பத்திரிகை நீதிமன்றம் செல்லும்போதே மீதியும் சேரும் என்றாயிற்று. நிவாரணத் தொகைகளும் 85,000 ரூபாய் முதல் 8,25,000 ரூபாய் வரை என உயர்ந்தன. இருபதாண்டுக் காலம் கள அனுபவம் சொன்ன குறையைச் சட்டம் காதில் வாங்கியது என்று நாம் மகிழ்கிறோம். இடையில் வாழ்ந்து முடித்த குடும்பங்களை எண்ணும்போது மகிழ்ச்சி பாதியாகிறது.

அவ்விதிகளே கண்காணிப்புக்கும் ஏற்பாடு செய்தன. மாவட்ட ஆட்சியர் தலைமையில் கண்காணிப்புக் குழு. மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் கூடவேண்டும். முதலமைச்சர் தலைமையில் மாநிலக் குழு. ஜனவரியிலும் ஜூலையிலும் கூடவேண்டும். ஏட்டில் இதனினும் சிறந்த முறை அரிது. ஆனால் மாநிலக் குழு நெடுங்காலம் கூடாதிருந்து 2021 ஆகஸ்டில்தான் மீண்டும் கூடியது. கூடாத குழுவின் முன் எந்தக் கணக்கைப் படிப்பது? நம் ஊர்களில் ஜும்ஆவுக்குப் பின் ஜமாஅத்தின் வரவு செலவை எழுந்து வாசிப்பதுண்டு. ஒரு முறை வாசிக்கத் தவறினாலும் பெரியவர்கள் முணுமுணுக்கத் தொடங்கிவிடுவர். முணுமுணுக்கும் அந்தப் பெரியவர்கள் இல்லாத இடத்தில் விதி மட்டும் என்ன செய்யும்?

‘இது பிற சாதியாரின் வழக்கு’ என்று நம் வாசகருள் எவரும் ஒதுங்க வேண்டா. இலங்கையில் 1990 அக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டு, அவருள் பெரும்பாலோர் புத்தளத்தில் ஓலைக் கொட்டகைகளில் தங்கினர். 2002இல் போர்நிறுத்தம் வந்தது; வடகிழக்குப் புனரமைப்பு நிதி பற்றிப் பேச்சு எழுந்தது; 2003 ஜூனில் டோக்கியோ மாநாட்டில் பல நாடுகள் 450 கோடி டாலர் வாக்களித்தன. ஆழிப்பேரலைக்குப் பின் 2005 ஜூன் 24இல் அரசும் விடுதலைப் புலிகளும் ஒரு பொதுக் கட்டமைப்பில் கையொப்பமிட்டனர். பத்துப் பேர் கொண்ட வட்டாரக் குழுவில் புலிகளுக்கு ஐந்து, முஸ்லிம்களுக்கு மூன்று, அரசுக்கு இரண்டு இடங்கள். இடம் தந்தனர், ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் உரிமை மட்டும் முஸ்லிம்களுக்கு இல்லை. மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் மையித்துகளை அடக்கியவர்கள் அந்த வேறுபாட்டை உணராமலிருப்பார்களா? மூன்று வாரத்தில் உச்ச நீதிமன்றம் அதன் முக்கிய பகுதிகளை நிறுத்தி வைத்தது. பின்னர் அது செயல்படவே இல்லை. புத்தளத்து அகதிகளுக்கான வீட்டுத் திட்டம் உலக வங்கிக் கடனில் 2007இல்தான் தொடங்கிற்று. பதினேழு ஆண்டுகள்! கொட்டகையில் பிறந்த பெண் மணமாகும் வயதை அடைந்துவிடும் காலம் அது.

மீண்டும் நம் மாவட்டங்களுக்கு வருவோம். தென்மாவட்டச் சாதிக் கலவரங்களுக்கு வேலையின்மை ஒரு காரணம் என்பது ஆராய்ந்த குழுக்களின் கருத்து. நீதிபதி ரத்தினவேல் பாண்டியன் குழு இப்பகுதிகளில் தொழில் வளர்க்கப் பரிந்துரைத்தது. நாங்குநேரியில் தொழில்நுட்பப் பூங்காவுக்கென நிலம் எடுக்கப்பட்டது. எதிர்பார்த்த ஆலைகள் ஆண்டுகள் பல சென்றும் வரவில்லை. அதே நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் பள்ளி மாணவன் ஒருவனை உடன் பயிலும் மாணவர்களே வீடு புகுந்து வெட்டினர். தடுத்த தங்கையும் வெட்டுண்டாள். அதன்பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கையில் கட்டும் சாதிக் கயிறு பற்றியும் அது பேசிற்று. முந்திய பரிந்துரைகள் என்னவாயின என்று நடுவில் எவரேனும் கேட்டிருந்தால் இன்னோர் அறிக்கைக்குத் தேவை வந்திராதோ என்னவோ.

கலவரத்தின் பின் எழுந்த முயற்சிகளுள் நம் மனம் பெரிதும் நாடுவது சமத்துவபுரத்தையே. முதலாவது 1998 ஆகஸ்ட் 17இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் திறக்கப்பட்டது. ஊருக்கு நூறு வீடுகள்: ஆதிதிராவிடர்க்கு 40, பிற்பட்டோர்க்கு 25, மிகப் பிற்பட்டோர்க்கு 25, ஏனையோர்க்கு 10. குடிநீர்த் தொட்டி ஒன்று, சுடுகாடும் ஒன்று. 2001க்குள் 145 சமத்துவபுரங்கள் எழுந்தன; விருதுநகர் மாவட்டமும் தன் பங்கைப் பெற்றது. ஆட்சி மாறியதும் திட்டம் நின்றது; மீண்டும் மாறியதும் தொடர்ந்தது. 2021க்குப் பின் பழுதான வீடுகளைச் சீரமைக்க நிதி வந்தது.

வீடுகளை எண்ணுவோர் நூறு என எழுதி மனநிறைவு கொள்வர். நாம் கேட்க விரும்புவன வேறு. முதலில் குடியேறியவர்களே இன்றும் அங்கு வாழ்கின்றனரா, அன்றி விற்றும் வாடகைக்கு விட்டும் போயினரா? 40, 25, 25, 10 என்ற விகிதம் கால் நூற்றாண்டுக்குப் பின் எவ்வாறுள்ளது? பொதுச் சுடுகாட்டில் எல்லாச் சாதியாரும் எரியூட்டப்படுகின்றனரா? ஒரு வீட்டுக் கல்யாணத்துக்கு எதிர் வீட்டார் பந்தியில் அமர்கின்றனரா? இவற்றுக்கு விடை காண உலக வங்கியின் நிபுணர் வேண்டியதில்லை. ஊராட்சி எழுத்தரும், பள்ளி ஆசிரியையும், பால்காரரும் அறிந்த செய்திகளே இவை. ஒரு நாள் போய்த் திண்ணையில் அமர்ந்து கேட்டு எழுதிவரலாம்.