குற்றாலச் சாரலும் ஓய்வின் வரலாறும்

உழைப்பின் வரலாற்றை எழுதியோர் பலர். ஓய்வின் வரலாற்றை எழுதியோர் மிகச் சிலரே. பேரரசுகள் எழுந்ததையும் வீழ்ந்ததையும், போர்க்களங்களையும் உடன்படிக்கைகளையும் நாம் ஆண்டு வாரியாக மனனம் செய்திருக்கிறோம். மனிதன் களைப்பு நீங்க எங்கே சென்றான், அவ்வாறு செல்லும் உரிமை யாருக்கு இருந்தது, யாருக்கு மறுக்கப்பட்டது என்னும் கேள்விகளை நாம் அதிகம் கேட்டதில்லை. அவற்றைக் கேட்டுப் பார்ப்பதற்குத் தமிழகத்தில் குற்றாலத்தைக் காட்டிலும் பொருத்தமான இடம் வேறு இருப்பதாகத் தோன்றவில்லை.

காற்று வரும் வழி

தென்காசிக்கு அருகே உள்ள இலத்தூர், மதுநாதர் கோயிலும் பரந்த குளமும் உடைய சிற்றூர். ஆனி, ஆடி மாதங்களில் அவ்வூர்க் குளக்கரையில் நின்று மேற்கே நோக்கினால் மலைத்தொடர் முழுவதும் மேகத்துள் மறைந்திருக்கக் காணலாம். தலைக்கு மேலே வெயில் காயும். அதே வேளையில் முகத்திலே பூந்துளி தெறிக்கும். இதைத்தான் இவ்வட்டார மக்கள் 'சாரல்' என்கின்றனர். 'சீசன்' என்ற ஆங்கிலச் சொல்லும் இங்கே தமிழாகிவிட்டது.

இதன் காரணம் எளிதில் விளங்கக் கூடியதே. தென்மேற்குப் பருவக்காற்று அரபிக் கடலின் ஈரத்தைச் சுமந்து வந்து மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதுகிறது. மழையின் பெரும்பகுதி மலைக்கு அப்பால் கேரளத்திலேயே பொழிந்து தீர்ந்துவிட, இப்பால் உள்ள சமவெளி சூன் முதல் ஆகஸ்டு வரை வறண்ட காற்றில் காய்கிறது. ஆனால் செங்கோட்டைக்கு மேற்கே, ஆரியங்காவுக் கணவாயில் மலை தாழ்ந்திருக்கிறது. அந்தத் தாழ்வின் வழியே ஈரக்காற்று கிழக்கே நுழைந்துவிடுகிறது. உதகமண்டலம் கடல் மட்டத்திற்கு மேல் ஏழாயிரம் அடிக்கும் மேற்பட்ட உயரத்தில் உள்ளது. குற்றாலமோ ஏறக்குறைய ஐந்நூறு அடி உயரத்திலேயே அமர்ந்து அந்தக் குளிர்ச்சியைப் பெற்றுவிடுகிறது. மலை ஏறாமலே மலைக்காற்றை நுகரும் பேறு இவ்வூருக்கு வாய்த்திருக்கிறது.

மலைமேல் பெய்த மழை தேனருவியாகவும் செண்பகாதேவி அருவியாகவும் இறங்கி, இடைவழியில் பொங்குமாங்கடல் என்னும் ஆழ்ந்த குழியில் நிரம்பித் ததும்பி, பேரருவியாக வீழ்கிறது. ஐந்தருவி, சிற்றருவி, புலியருவி, பழத்தோட்ட அருவி, பழைய குற்றால அருவி என்று அண்மையிலேயே வேறு பல அருவிகளும் உள்ளன. பேரருவியில் வீழ்ந்த நீர் சிற்றாறாக ஓடி வயல்களுக்குப் பாய்ந்து, எஞ்சியது தாமிரபரணியில் கலக்கிறது. குளித்தவர் மேனியில் விழுந்த நீரே உழவனின் நாற்றங்காலையும் நனைக்கிறது. குற்றாலத்து நீர் இன்பத்திற்கும் உரியது, பிழைப்பிற்கும் உரியது என்பதை நாம் முதலிலேயே மனத்தில் இருத்திக் கொள்ள வேண்டும்.

குறத்தி சொன்ன மலைவளம்

குற்றாலம் நேற்றுத் தோன்றிய உல்லாசத் தலமன்று. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் இத்தலத்தைப் பாடியிருக்கிறார். நடராசருக்குரிய ஐந்து சபைகளுள் ஒன்றாகிய சித்திர சபை இங்கே உள்ளது. பதினெட்டாம் நூற்றாண்டில், தென்காசியை அடுத்த மேலகரத்தைச் சேர்ந்த திரிகூடராசப்பக் கவிராயர் 'திருக்குற்றாலக் குறவஞ்சி'யை இயற்றினார். மதுரை நாயக்க மன்னர் முத்துவிசயரங்க சொக்கநாதர் அதற்காக அவருக்கு நிலம் வழங்கினார். அந்நிலம் 'குறவஞ்சி மேடு' எனப் பெயர் பெற்றது.

அந்நூலில் மலையின் வளத்தை எடுத்துரைப்பவள் அரசியுமல்லள், செல்வச் சீமாட்டியுமல்லள். கூடை சுமந்து குறி சொல்லித் திரியும் ஒரு குறத்தி. மலை தன்னுடையது என்று பெருமிதத்தோடு பேசும் உரிமையைக் கவிராயர் அவளுக்கு அளித்தார். இருபதாம் நூற்றாண்டில் இந்நூலின் சுவையைத் தமிழ் மக்களுக்கு எடுத்துக் காட்டிய ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் குற்றாலத்திலேயே குடியமர்ந்து, 1954ஆம் ஆண்டில் அங்கேயே மறைந்தார். ராஜாஜி, கல்கி போன்றோர் அவரை நாடிக் குற்றாலம் வந்தனர். அருவிக் குளியலும் கவிதைப் பேச்சும் ஒன்றாகக் கலந்த காலம் அது.

தென்காசியிலிருந்து அம்பாசமுத்திரம் செல்லும் சாலையில் பொட்டல்புதூர் இருக்கிறது. முஹ்யித்தீன் அப்துல் காதிர் ஜீலானி (ரஹ்) அவர்கள் பெயரால் அமைந்த அவ்வூர்த் தர்காவுக்கு முஸ்லிம்களோடு இந்துக்களும் திரளாக வருகின்றனர். மக்கள் கலந்து பழகுவது இவ்வட்டாரத்தின் பழைய வழக்கம் என்பதற்கு இஃது ஒரு சான்று.

உலகம் இளைப்பாறிய விதம்

பிற நாடுகளின் ஓய்விடங்களைச் சற்று நோக்குவோம். இங்கிலாந்தின் பாத் நகரில் வெந்நீர் ஊற்றுகளைச் சூழ ரோமானியர் முதல் நூற்றாண்டிலேயே குளியல் மண்டபங்கள் எழுப்பினர். பதினெட்டாம் நூற்றாண்டில் அதே நகரம் ஆங்கிலச் சீமான்களின் பொழுதுபோக்கிடமாயிற்று. பெல்ஜியத்தின் ஸ்பா என்னும் ஊரின் பெயரே இத்தகைய நீராடுமிடங்களுக்கெல்லாம் பொதுப் பெயராகிவிட்டது. 2021ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் ஐரோப்பாவின் இத்தகைய பதினொரு நகரங்களை உலக மரபுச் சின்னங்களாக ஏற்றுக்கொண்டது.

நம் நாட்டில் முகலாய மன்னர் ஜஹாங்கீர் காஷ்மீரத்தின் மீது தீராக் காதல் கொண்டிருந்தார். தால் ஏரிக்கரையின் ஷாலிமார் தோட்டம் 1619ஆம் ஆண்டில் அவர் அமைத்தது. காஷ்மீரத்திலிருந்து திரும்பும் வழியிலேயே 1627இல் அவர் உயிர் நீத்தார். பின்னர் வந்த ஆங்கிலேயர் வெயிலுக்கு அஞ்சி மலையேறினர். 1819இல் ஜான் சல்லிவன் நீலகிரிக்குச் சென்றதைத் தொடர்ந்து உதகமண்டலம் உருவாயிற்று. 1864இல் சிம்லா அரசாங்கத்தின் கோடைத் தலைநகராயிற்று. இவையெல்லாம் எழில் மிக்க இடங்களே. ஆயினும் ஷாலிமாரை மன்னர் தமக்காக அமைத்தார். சிம்லாவை வெள்ளையர் தமக்காக அமைத்தனர். அவற்றின் சுகம் அவர்களைச் சூழ்ந்திருந்த சிலரோடு நின்றது.

உழைப்பாளிக்கும் ஓய்வு உரியது என்ற எண்ணம் உலகிற்கு மிகத் தாமதமாகவே உதித்தது. 1841ஆம் ஆண்டு சூலை 5ஆம் நாள் தாமஸ் குக் என்பவர் லெஸ்டர் நகரிலிருந்து லஃபரோ நகருக்கு மது விலக்கு இயக்கத்தார் சில நூறு பேரைக் குறைந்த கட்டணத்தில் புகைவண்டியில் அழைத்துச் சென்றார். எளியோரின் சுற்றுலாவுக்கு அது ஒரு தொடக்கம். 1936ஆம் ஆண்டிலேதான் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு ஊதியத்துடன் கூடிய விடுமுறை பற்றிய ஒப்பந்தத்தை நிறைவேற்றியது. பிரான்சு நாட்டுத் தொழிலாளர் இரண்டு வார விடுமுறையைச் சட்டப்படி பெற்றதும் அதே ஆண்டில்தான்.

கம்பெனியாரின் குற்றாலம்

இந்த உலகப் போக்கு குற்றாலத்தையும் தொடாமல் இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டிக் கிழக்கிந்தியக் கம்பெனியார் இங்கே ஜாதிக்காய், கிராம்பு, இலவங்கப்பட்டை முதலிய நறுமணப் பயிர்களுக்குத் தோட்டம் அமைத்தனர். திருநெல்வேலிச் சீமையின் வெள்ளை அதிகாரிகள் உடல்நலம் தேறுவதற்கு இவ்வூரை நாடினர். 1830களில் ராபர்ட் வைட் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர் இம்மலைகளில் செடி கொடிகளைத் திரட்டினார். அவர் வெளியிட்ட தாவரவியல் நூல்களுக்கு ஓவியம் தீட்டியவர்கள் ரங்கையா, கோவிந்து என்னும் நம் நாட்டுக் கலைஞர்கள். திருவிதாங்கூர் மன்னரும் இங்கே மாளிகை வைத்திருந்தார். அந்தக் 'குற்றாலம் அரண்மனை' இன்றும் கேரள அரசின் உடைமை.

எனினும் குற்றாலம் இன்னோர் உதகமண்டலம் ஆகிவிடவில்லை. கோயிலும் அருவியும் தொன்றுதொட்டு மக்கள் வந்து போகும் இடங்களாக இருந்தமையால் அதிகாரிகளின் பங்களாக்களுக்கு நடுவிலும் மக்கள் வந்துகொண்டே இருந்தனர். 1904இல் செங்கோட்டையையும் கொல்லத்தையும் இருப்புப் பாதை இணைத்தபின் அந்த வருகை பெருகிற்று.

மறுக்கப்பட்டவர்கள்

ஆனால் 'மக்கள்' என்று நாம் சொல்லும்போது அதில் எல்லோரும் அடங்கியிருந்தனரா? இல்லை. 1934ஆம் ஆண்டு சனவரியில், தீண்டாமை ஒழிப்புப் பயணத்தின்போது காந்தியடிகள் குற்றாலம் வந்தார். தாழ்த்தப்பட்ட மக்கள் பேரருவியில் நீராட இயலாத நிலை இருப்பதை அறிந்ததும், அவர்களுக்கு இல்லாத அருவி தமக்கும் வேண்டாம் என்று நீராடாமலே திரும்பினார். வானம் பொழியும் நீருக்குக் கூட மனிதன் சாதி வேலி கட்டினான் என்பது வரலாறு. இன்று பேரருவியின் கீழ் யார் அருகில் யார் நிற்கிறார் என்று எவரும் கேட்பதில்லை. கூலித் தொழிலாளியும் அவருக்கு வேலை கொடுப்பவரும் ஒரே நீரில் தலை நனைக்கின்றனர். இந்தச் சமத்துவம் போராடிப் பெறப்பட்ட ஒன்று. அருவியோடு கூடப் பிறந்ததன்று.

சபுராளியின் விடுமுறை

இவ்வட்டார முஸ்லிம்களின் வாழ்வில் விடுமுறை என்ற சொல்லுக்கே வேறொரு பொருள் உண்டு. கடையநல்லூர், தென்காசிப் பகுதிகளிலிருந்து நெசவாளர் குடும்பத்தினர் பலர் கடல் கடந்து சிங்கப்பூருக்கும் மலாயாவுக்கும் சென்றனர். தஞ்சோங் பகார்த் துறைமுகப் பகுதியில் அவர்கள் குடியிருந்து உழைத்தனர். 1941இல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக்கை நிறுவினர். சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரின் பெயரால் 1946இல் ஒரு தமிழ்ப் பள்ளியையும் எழுப்பினர்.

பிறர்க்கெல்லாம் விடுமுறை என்பது வீட்டை விட்டுப் புறப்படுதல். சபுராளிக்கோ அது வீடு திரும்புதல். ஆண்டுக் கணக்கில் பிரிந்திருந்தவர் மனைவி மக்களோடு ஒரு நாள் அருவியில் நனைந்து, சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து மர நிழலில் அமர்ந்து உண்பதைவிடப் பெரிய உல்லாசம் வேறு என்ன இருக்கிறது?

அவர்கள் உழைத்த துறைமுகத்திற்கு எதிரே 'பூலாவ் பிளாக்காங் மாத்தி' என்றொரு தீவு இருந்தது. ஆங்கிலேயப் படை தங்கியிருந்த அத்தீவு, 1970களின் தொடக்கத்தில், அமைதி என்று பொருள்படும் 'செந்தோசா' என்ற பெயரைப் பெற்று உல்லாசத் தீவாக மாறியது. இன்று நம்மவர் சிலர் சுற்றுலா செல்லும் அத்தீவைத் தினமும் கண்ணெதிரே கண்டபடி உழைத்தவர்கள் இளைப்பாறத் தேடி வந்தது தம் ஊர்ச் சாரலைத்தான்.

செங்கோட்டைக்கு அருகே பிரானூரில் 'பார்டர் புரோட்டா' புகழ் பெற்றது. செங்கோட்டை வட்டம் 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் தமிழகத்தோடு இணையும்வரை எல்லை அங்கே இருந்தது. எல்லை மேற்கே மலைக்கு நகர்ந்துவிட்டது. பெயர் மட்டும் உணவு விடுதிகளில் நின்றுவிட்டது. அருவியில் குளித்துப் பசியோடு வருவோர் அதை இன்றும் மறப்பதில்லை.

இன்று எழுந்துள்ள வேலி

2019ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள் தென்காசி தனி மாவட்டமாயிற்று. 2018இல் செங்கோட்டை–புனலூர் அகலப் பாதை நிறைவுற்றுக் கேரளத்தோடு மீண்டும் புகைவண்டித் தொடர்பு ஏற்பட்டது. வருவோர் பெருகினர்; விடுதிகளும் பெருகின. அதனோடு புதியதோர் ஆபத்தும் வந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் தனியார் விடுதிகள் சில இயற்கை ஓடைகளைத் திருப்பித் தம் வளாகத்துக்குள் செயற்கை அருவிகளை உண்டாக்கிக் கொண்டன. 2022ஆம் ஆண்டில் இவ்வழக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குச் சென்றது. நீரின் போக்கைத் திருப்பியவர்கள் மீது நடவடிக்கை எடுக்க நீதிமன்றம் ஆணையிட்டது. அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு ஆகியவற்றைப் பயன்படுத்தலாகாது என்று அதே நீதிமன்றம் முன்னரே தடை விதித்திருந்தது.

இதைச் சிறிய செய்தி என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. திருப்பப்படும் ஒவ்வோர் ஓடையும் பொது அருவியிலிருந்தும் வயலிலிருந்தும் எடுக்கப்படும் நீராகும். முன்னர்ச் சாதியின் பெயரால் இருந்த வேலி, இப்போது கட்டணத்தின் பெயரால் எழுகிறது. பீடி சுற்றும் பெண்மணிக்கும், கட்டட வேலைக்குச் செல்லும் இளைஞனுக்கும் ஆண்டில் ஒரு நாள் கிடைக்கும் ஓய்வு, பேருந்துக் கட்டணம் ஒன்றோடு முடிந்துவிடும் இந்த அருவிதான். பாத் நகரும் ஷாலிமாரும் சிம்லாவும் ஒரு காலத்தில் எவ்வாறு சிலருக்கே உரியனவாக இருந்தனவோ, அந்த நிலைக்குக் குற்றாலம் பின்னோக்கிச் செல்லலாமா?

மலையை மறந்து அருவியை மட்டும் நேசிப்பதும் பிழையே. 2024ஆம் ஆண்டு மே மாதம் 17ஆம் நாள் பழைய குற்றால அருவியில் திடீரெனப் பெருகிய வெள்ளம் பதினேழு வயது மாணவன் ஒருவனை அடித்துச் சென்று உயிர் பறித்தது. கீழே நின்று குளிப்பவருக்கு மேலே மலையில் பெய்யும் மழை தெரிவதில்லை. பேரருவியில் பாதுகாப்பு வளைவுக்கு மேலே நீர் விழத் தொடங்கியதும் குளிக்கத் தடை விதிக்கும் காவலரைச் சலித்துக் கொள்வோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நீர் யாருடைய தனியுடைமையும் அன்று என்பது நம் மார்க்கச் சட்ட அறிஞர்கள் வலியுறுத்திய பழைய நெறி. தாகமுற்ற மனிதனுக்கும் கால்நடைக்கும் அதில் உரிமை உண்டு என அவர்கள் வகுத்தனர். குளம் வெட்டிக் கால்வாய் இட்ட நம் முன்னோரின் ஊர் வழக்கமும் அதுவே. மலைமேல் காடு நிற்க வேண்டும். ஓடைகள் தம் வழியே இறங்க வேண்டும். அருவிக்கரை எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும். இம்மூன்றையும் அரசும் ஊரும் வந்து நீராடும் நாமும் சேர்ந்து காத்தால், சாரல் தவறாத ஆண்டுகளில் இலத்தூர்க் குளமும் நிரம்பும், ஏழையின் ஒரு நாள் விடுமுறையும் நிலைக்கும்.