எரிந்த பெட்டியில் எஞ்சிய எழுத்து

எழுத்தின் வாழ்வு அதனைத் தாங்கும் பொருளின் வாழ்வைப் பொறுத்தது. கல்லில் பொறித்தது கல் உள்ளளவும் நிற்கும். தாளில் வரைந்தது தாள் உள்ளளவும் நிற்கும். கணினியில் எழுதப்பெறுவதோ கண்ணுக்குப் புலனாகாத காந்தக் குறிகளாய் வன்தட்டில் படிகின்றது. வன்தட்டு பழுதுற்று நின்றால் அதிலுள்ள எழுத்தும் அழிந்தொழிந்தது என்றே மக்கள் கருதுகின்றனர். இக்கருத்து முற்றிலும் உண்மையன்று. 2003ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நேர்ந்த பெருந்துயர் ஒன்றின் வரலாறே இதற்குச் சான்றாகும்.

வன்தட்டின் பிறப்பு

வன்தட்டு முதன்முதலில் இடம்பெற்றது, ஐ.பி.எம். நிறுவனம் 1956ஆம் ஆண்டில் வெளியிட்ட ராமாக் என்னும் கணினியிலாகும். கலிபோர்னியாவிலுள்ள சான் ஹோசே நகரில் உருவான அதில், 24 அங்குல விட்டமுடைய 50 தட்டுகள் ஒரே அச்சில் சுழன்றன. அத்தனை தட்டுகளும் சேர்ந்து தாங்கியவை 50 இலட்சம் எழுத்துகளே. பின்னர் வந்த வன்தட்டுகள் உருவில் சுருங்கின, கொள்ளளவில் பெருகின. ஆயினும் அடிப்படை மாறவில்லை. காந்தப் பூச்சுடைய தட்டு விரைந்து சுழலும். படிக்கவும் எழுதவும் வல்ல ஒரு முனை, மயிரிழையினும் நுண்ணிய இடைவெளிவிட்டு அதன்மேல் மிதக்கும். ஒரு தூசு புகுந்தாலும் முனை உராய்ந்து பூச்சைக் கீறிவிடக்கூடும். ஆதலின் தூசு புகாதவாறு தட்டும் முனையும் பெட்டிக்குள் அடைக்கப்பட்டிருக்கும்.

இங்கு ஒன்றைப் பிரித்தறிதல் வேண்டும். சுழற்றும் மோட்டாரும், படிக்கும் முனையும், மின்சுற்றுப் பலகையும் கருவிகளே. எழுத்து இருப்பது தட்டின் மேற்பூச்சில். எழுத்தாணி முறிந்தால் ஏடு அழிந்துவிடுமோ? கருவி கெட்டபோதும் பூச்சு நலமாயிருப்பின் எழுத்தும் நலமாகவே இருக்கும். பழுதுற்ற வன்தட்டிலிருந்து தரவுகளை மீட்கும் தொழில் இவ்வுண்மையின்மீதே எழுந்தது.

கொலம்பியாவின் இறுதிப் பயணம்

2003 ஜனவரி 16ஆம் நாள் கொலம்பியா விண்ணோடம் எழுவர் கொண்ட குழுவுடன் புறப்பட்டது. அரியானா மாநிலத்தின் கர்னால் நகரிற் பிறந்த கல்பனா சாவ்லாவும் அவருள் ஒருவர். ஓடம் கிளம்பிய ஒன்றரை நிமிடத்திற்குள், எரிபொருட் கலத்திலிருந்து பெயர்ந்த நுரைப்பொருள் ஒன்று இடச்சிறகில் மோதியது. பதினாறு நாள் ஆய்வுப் பணி முடிந்து பிப்ரவரி 1ஆம் நாள் திரும்புகையில், அச்சிறகின் பிளவு வழியே கொடுவெப்பம் புகுந்தது. டெக்சாஸ் மாநிலத்திற்கு மேலே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் உயரத்தில் ஓடம் சிதறியது. எழுவரும் மாண்டனர். 80,000க்கும் மேற்பட்ட துண்டுகள் நிலத்தினின்றும் திரட்டப்பட்டன.

சிதைந்த பொருள்களுள் செனான் வாயு பற்றிய ஓர் ஆய்வுக் கருவியும் இருந்தது. திரவத்திற்கும் வாயுவிற்கும் வேறுபாடு மறையும் நிலையொன்று உண்டு. அதனை மாறுநிலை என்பர். செனானுக்கு அது ஏறத்தாழ 16.6 பாகை செல்சியசில், மிகுந்த அழுத்தத்தில் அமைகின்றது. அந்நிலையில் செனானை விரைந்து அசைத்தால் அதன் பாகுத்தன்மை குறையுமா என்பதே வினா. குலுக்கியதும் தக்காளிச் சாஸ் இளகி ஓடுவதைப் போன்ற இயல்பு இது. எளிய பொருளாகிய செனானிலும் அது தோன்றும் என்று கொள்கை கூறிற்று. ஆயின் மாறுநிலையில் உள்ள செனான், புவியில் தன் எடையாலேயே கீழே செறிந்து மேலே நெகிழ்ந்துவிடும். ஆகவேதான் விண்வெளியை நாடினர். அளவீடுகளில் ஒரு பகுதி பயணத்தின்போதே புவிக்கு அனுப்பப்பட்டது. எஞ்சியவை ஓடத்திலிருந்த வன்தட்டிலேயே தங்கிவிட்டன. விபத்தில் அவையும் ஒழிந்தன என்றே எண்ணப்பட்டது.

மீட்ட விதம்

விபத்து நடந்து ஏறத்தாழ ஆறு திங்கள் கழித்து, வறண்ட ஏரிப்படுகை ஒன்றில் அவ்வன்தட்டு கிடைத்தது. அது கருகிய உலோகக் கட்டியாய்த் தோன்றிற்று. தூசு தடுக்கும் அடைப்பு உருகிப்போய் மண் உட்புகுந்திருந்தது. மினியாபொலிசு நகருக்கு அருகிலுள்ள குரோல் ஆன்டிராக் நிறுவனத்திற்கு அஃது அனுப்பப்பட்டது. அங்குப் பொறியாளர் ஜான் எட்வர்ட்ஸ் அதனைப் பிரித்துப் பார்த்தார். தட்டுகள் வளையவில்லை, ஆனால் மேற்பரப்பில் கீறலும் குழியும் இருந்தன.

எழுத்தைக் காத்தவை இரண்டு. 340 மெகாபைட் கொள்ளளவில் பாதியளவே நிரம்பியிருந்தது. கீறல் விழுந்த இடமோ எழுதப்படாத பகுதி. கணினியை இயக்கியது டாஸ் என்னும் பழைய இயக்கமுறை. அது தரவுகளைத் தட்டெங்கும் சிதறவிடாது ஓரிடத்தே தொகுத்து எழுதியிருந்தது. எட்வர்ட்ஸ் தட்டுகளை வேதிக் கரைசலால் தூய்மை செய்து, புதிதாக அமைத்த வன்தட்டுப் பெட்டியில் பொருத்தினார். இரண்டே நாளில் 99 விழுக்காட்டுத் தரவு மீண்டது!

அத்தரவைப் பகுத்தாராய்ந்து ராபர்ட் பெர்க் முதலியோர் எழுதிய கட்டுரை 2008ஆம் ஆண்டில் வெளியாயிற்று. செனானின் பாகுத்தன்மை அசைவால் குறைகின்றது என்பது உறுதியாயிற்று.

கற்கத்தக்கது

அதே விபத்தில் மாண்ட இஸ்ரேலிய வீரர் இலான் ரமோனின் நாட்குறிப்புத் தாள்கள் சிலவும் டெக்சாஸ் மண்ணில் கிடைத்தன. செப்பனிடப்பெற்று, 2008ஆம் ஆண்டில் ஜெருசலேமில் காட்சிக்கு வைக்கப்பட்டன. கிழிந்த தாளைக் கண் படிக்கும். காந்த எழுத்தையோ கருவியின்றி எவராலும் படித்தல் இயலாது. கருவியைப் புதிதாக ஆக்கித் தரலாம். பூச்சு போனால் அதனை ஆக்கித் தருவார் இல்லை. கொலம்பியாவில் இருந்த வேறு இரண்டு வன்தட்டுகளிலிருந்து யாதும் மீட்க இயலவில்லை என்பதையும் மறத்தலாகாது. ஒன்று பிழைத்ததில் அறிவின் திறமும் உண்டு, நல்வாய்ப்பும் உண்டு. நல்வாய்ப்பை நம்பி அறிவுச் செல்வத்தை ஓரிடத்தே வைத்தல் பேதைமை. புவிக்கு முன்னரே அனுப்பப்பட்ட பகுதிக்கு எவரும் ஏங்க வேண்டியிருந்ததில்லை. படியெடுத்து வேறிடத்தில் வைத்ததே அதற்குக் காரணம். எழுவர் உயிரை மீட்க எவராலும் இயலாது. அவர்கள் உயிர் கொடுத்துச் செய்த பணியில் ஒரு பகுதியேனும் வீணாகாமல் உலகத்தார் கைக்கு வந்தது, அப்பெருந்துயரிடையே கிடைத்த ஆறுதலாகும்.