தட்டு நம்முடையது, விளைநிலம் பிறருடையது

பூசைக்கு வாங்கும் பழங்களை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். வாழைப்பழம் மலேசியாவிலிருந்தோ பிலிப்பீன்ஸிலிருந்தோ வந்திருக்கும். ஆப்பிள் சீனாவிலோ தென்னாப்பிரிக்காவிலோ காய்த்திருக்கும். சிங்கப்பூரர்கள் உண்ணும் உணவில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டது வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது. இது எப்படி நேர்ந்தது?

ஆர்ச்சர்ட் சாலைக்கு அப்பெயர் வந்ததே அங்கிருந்த சாதிக்காய்த் தோட்டங்களாலும் பழத்தோட்டங்களாலும்தான். ஆனால் அந்தக் காலத்திலும் அரிசி கப்பலில்தான் வந்தது. பர்மாவும் சயாமும் அனுப்பின. கப்பல் வராவிட்டால் என்ன ஆகும் என்பதை ஜப்பானிய ஆட்சிக்காலம் காட்டியது. அரிசிக்குப் பங்கீடு வந்தது. 1944இல் ஓர் ஆணுக்கு மாதம் ஏறத்தாழ 5 கிலோதான். மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் சோற்றின் இடத்தைப் பிடித்தன. நகரில் உண்ணும் வாய்களைக் குறைக்க, 1943இல் மக்களை ஜொகூரின் எண்டாவுக்கும் நெகிரி செம்பிலானின் பஹாவுக்கும் பயிர் செய்ய அனுப்பினார்கள். பஹாவில் மலேரியா பலரைப் பலிகொண்டது.

போருக்குப் பின் இங்கே பண்ணைகள் பெருகின. 1980களின் தொடக்கத்தில் பன்றி இறைச்சியில் நாடு தன்னிறைவு கண்டிருந்தது. ஆயினும் 1984இல் பன்றிப் பண்ணைகளைப் படிப்படியாக மூட அரசாங்கம் முடிவெடுத்தது. கழிவு நீரை மாசுபடுத்தியது. நிலமும் வேறு தேவைகளுக்கு வேண்டியிருந்தது. ஆக, இறக்குமதியை நம்பியிருப்பது முழுக்க விதி அல்ல. ஒரு பகுதி நாமே தெரிந்து எடுத்த முடிவு.

அதற்கு ஒரு விலை உண்டு. 1999இல் நிப்பா கிருமி பரவியபோது மலேசியாவிலிருந்து உயிருள்ள பன்றிகள் வருவது நின்றது. 2022 ஜூன் 1ஆம் தேதி மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியது. அதற்கு முந்திய ஆண்டு நாம் இறக்குமதி செய்த கோழியில் 34 விழுக்காடு அங்கிருந்து வந்தது. தடைக்கு முன் ஈரச்சந்தைகளில் மக்கள் முண்டியடித்தார்கள். ஆனால் பிரேசிலின் உறைந்த கோழி அப்போதும் கிடைத்தது. அந்த மாத இறுதியிலேயே இந்தோனீசியக் கோழிக்கும் அனுமதி கிடைத்தது. உண்மையில் தட்டுப்பாடு கோழிக்கு இல்லை; நமக்குப் பழகிப்போன கோழிக்குத்தான்.

2023 ஜூலையில் பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதிக்கு இந்தியா தடை விதித்தது. ஆகஸ்ட் இறுதியில் சிங்கப்பூருக்குச் சிறப்பு விலக்களிக்க முன்வந்தது. நட்புறவும் ஒருவகை விளைச்சல்தான். அரிசி இறக்குமதியாளர்கள் சேமிப்பில் இருப்பு வைத்திருக்கவேண்டும் என்ற விதியும் நம்மைக் காக்கிறது.

இங்கேயே கூடுதலாக விளைவிக்கலாமே என்று கேட்கலாம். 2030க்குள் 30 விழுக்காடு என்று 2019இல் இலக்கு வைத்தோம். செலவு கட்டுப்படியாகவில்லை. பேரங்காடியில் உள்ளூர்க் கீரையை விட்டு மலிவான கீரையை எடுத்தவர்கள் நாம்தானே? 2025 நவம்பரில் அந்த இலக்கு கைவிடப்பட்டது. 2035க்குள் நார்ச்சத்து உணவில் 20 விழுக்காடும் புரத உணவில் 30 விழுக்காடும் என்பது புதிய இலக்கு. நார்ச்சத்து என்றால் கீரை, காய், முளைப்பயறு, காளான். ஆப்பிளும் மாம்பழமும் அந்தக் கணக்கில் இல்லை. அவை என்றும் எல்லை கடந்துதான் வரும்.

உணவு எங்கிருந்து வரும் என்பதை அரசாங்கம் பார்த்துக்கொள்ளும். ஒன்று கிடைக்காதபோது முகம் சுளிக்காமல் இன்னொன்றைச் சமைக்கும் பழக்கம் நம் வீட்டு அடுப்படியில்தான் வளரவேண்டும். அதை நம் பிள்ளைகளுக்கு இப்போதே பழக்குவோம்.